முந்திக்கொண்ட நிலா

“இளவரசா, வெளியே வந்து பாரு! சூரியன் இன்னும் ராஜகிரி மலைக்கு மேலதான் நிக்குது. என் போன்ல அதுக்குள்ள நிலா வந்து குந்திக்கினு இருக்குது. இன்னாப்பா கூத்து இது?”

வேர்க்கடலை மண்டி சுமதிநாதன் நயினார், படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் போனை நீட்டினார். ஜெராக்ஸ் கடை மாடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த இளவரசன் எழுந்து நின்றான். அவர் கேட்டபடி அந்த ஆப்பைச் செய்து கொடுத்தவன் அவன்தான்.

பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடாத சமணர் நயினார். ஆனால் செஞ்சியில் பொழுது எப்போது சாய்கிறது என்பதே பெரிய வழக்கு. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், அஸ்தமனம் ஆகியிருக்காது. அந்தக் குழப்பம் தீரத்தான் இந்த ஆப். திறந்துகூடப் பார்க்க வேண்டாம். பகலெல்லாம் ஐகான் சூரியனாக இருக்கும். அஸ்தமனம் ஆனதும் அதுவே நிலாவாக மாறிவிடும்.

குழப்பம் தீர்ந்ததா என்றால், ஒன்று இரண்டாகிவிட்டது.

“உங்க மச்சான் போன்ல எப்படி சார் இருக்குது?”

“அஜிதன் வச்சிருக்கறது ஐபோன். அதுல கரெக்டா மாறுது. எனக்கு மட்டும் ஏன் தெனம் முன்னாடியே நிலா வருது? நிலாவைப் பார்த்ததும் வியாபாரத்தை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடறேன். சாப்டு முடிச்சு வாசலுக்கு வந்தா சூரியன் என்னைப் பார்த்துச் சிரிக்குது!”

இளவரசன் தலையைச் சொறிந்தான்.

“ரெண்டு போனுக்கும் ஒரே புரோகிராம்தான் சார். ஆனா ஐபோன்ல ஐகானை மாத்தினா, ‘மாத்திட்டேன்’னு அது உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடும். ஆண்ட்ராய்டு சொல்லாம கொள்ளாம மாத்தும்.”

“சொல்லாட்டி போவுது. பொய் சொல்லுதே!”

இளவரசன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“கொஞ்சம் முன்னாடியே சாப்டா பாவம் ஒண்ணும் இல்லியே சார்?”

நயினாருக்கு வந்ததே கோபம். “நல்லா இருக்குதுப்பா உன் ஞாயம்! ஞாயித்துக்கெழமை சொந்தக்காரங்க அத்தனை பேரும் வர்றாங்க. எல்லார் போன்லயும் இந்த ஆப்பை ஏத்திக் குடுக்கறேன்னு சொல்லிட்டேன். அவங்க முன்னாடி இது பல்லிளிச்சா என் மானம் பூடும். இப்பவே சரி பண்ணு. முடியாதுன்னா சொல்லிடு, பாண்டிச்சேரில ஆள் இருக்குது.”

இளவரசன் அவர் போனை வயரில் மாட்டிக் கொஞ்ச நேரம் தட்டினான். ஆப் பொசுக்கென்று மூடிக்கொண்டது.

“அய்யய்யோ, போச்சா?”

“இல்ல சார். ஐகான் மாறுறப்ப ஆண்ட்ராய்டுல அப்படித்தான் மூடிக்கும். பாருங்க.”

நிலா போய் சூரியன் வந்திருந்தது. வேலை தெரிந்த பையன் இதை முதலிலேயே ஏன் சரியாகச் செய்யவில்லை என்று நயினாருக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் மண்டியில் அவசரமில்லாமல் கணக்கை முடித்தார். ஐகானைப் பார்த்தார், சூரியன். வீட்டுக்கு நிதானமாக நடந்தார். சமையல்கார அம்மாக்கண்ணு வார்க்கும் தோசை கல்லிலிருந்து நேரே தட்டுக்கு வரவேண்டும் அவருக்கு. ஆறிப்போனால் தொடமாட்டார். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் நிலா வந்தது. மனசு நிறைந்து போயிற்று.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று தோட்டத்துப் பக்கம் போனார். ஜினப்பிரியா யாரிடமோ போனில் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏன் தம்பி மாத்துனீங்க? அவரு போன்ல மட்டும் நிலா முன்னாடியே வர்ற மாதிரி வையுங்கன்னு உங்ககிட்ட எவ்ளோ கெஞ்சினேன்... திட்டினாரா? திட்டினா எதனா சொல்லிச் சமாளிக்கக் கூடாதா? இங்க அம்மாக்கண்ணு பஸ்ஸை விட்டுட்டா!”

நயினார் அப்படியே நின்றுவிட்டார். பெண்டாட்டியா இதைச் செய்தது? போனில் இளவரசனா? இதில் அம்மாக்கண்ணு எங்கே வந்தாள்?

திரும்பி அடுக்களைக்குப் போனார். அம்மாக்கண்ணு தோசைக்கல்லைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இடுப்பில் பையைச் செருகிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷமாக அவள் கைச்சோறு சாப்பிடுகிறவர், அவள் வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்த்தது இன்றுதான்.

“பஸ்ஸு பூடுச்சாமே? இனிமே எப்படிப் போவ?”

“எங்க ஊருக்குள்ள போற டவுன் பஸ்ஸுதான் பூடுச்சு நயினாரே. மலையனூர் வண்டில ஏறி மெயின் ரோட்ல எறங்கிப்பேன். அங்கேர்ந்து ஏரிக்கரை மேல நடைதான்.”

“இருட்டுற நேரத்துலயா? ஒண்டியாவா?”

“பழக்கந்தான். உங்க போன்ல அந்த நிலா வந்த பொறவுதான் தெனம் பஸ்ஸு கெடச்சுது. அதுக்கு முன்ன நீங்க சாப்டு முடிச்சு, நான் கழுவி வச்சிட்டுப் போறதுக்குள்ள என்னிக்குமே வண்டி பூடும்.”

“ஏன் அம்மாக்கண்ணு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அவள் வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

“எப்படிச் சொல்லுவேன்? வெளக்கு வச்சப்புறம் சாப்டா தட்டுல பூச்சி விழுந்து செத்துடும்னு பயப்படறவரு நீங்க. நான் இருட்டுல நடக்கிறது தெரிஞ்சா மனசு தாங்குமா உங்களுக்கு?”