நூற்றுக்கு நூறு

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை பத்து மணி. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும், ஜோர்டானின் அம்மான் நகர அலுவலகம் ஒன்றில் ஹனீனும் அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க, டாக்டர் ஹனீன்," என்றான் முகவர் ரம்ஸி.

"இன்னும் கையெழுத்தே போடலை," என்றார் அப்பா.

"எங்க கல்லூரியில சேர்ந்தாலே டாக்டர்தான், ஹாஜி. கடைசித் தேர்வுல நூற்றுக்கு நூறு பாஸ்."

"நடுவுல விட்டுட்டு வந்தவங்க?"

"அவங்கதான் தேர்வே எழுதலையே. எழுதாதவங்க எப்படி ஃபெயிலாவாங்க?"

"நல்ல கணக்கு. எங்கிட்ட பாதி ஒலிவத் தோப்புதான் மிச்சம். அதை வித்துத்தான் இவளை அனுப்பணும். அதான் கேக்கறேன்."

ரம்ஸி சுவரைக் காட்டினான். அங்கே ஒட்டியிருந்த படத்தில் ஓர் இளைஞன் வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவரைப் பாருங்க. டாக்டர் முதன்னா. எங்க இர்பித் கிளை அனுப்பின பையன். இப்ப ஜெர்மனியில இதய நிபுணர். போன வாரம்கூட ஃபோன்ல பேசினேன்."

ஹனீன் படத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

ரம்ஸி படிவத்தை எடுத்தான். "வந்ததிலிருந்து ஹாஜின்னே கூப்பிடறேன், மன்னிக்கணும். மூத்த பையன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தானே மரியாதை. நீங்க அபு... யாரோட அப்பா?"

"அபு முதன்னா."

ரம்ஸியின் பேனா நின்றது.

"இந்தப் படத்துல சிரிக்கற என் பையன் ரெண்டாம் வருஷமே திரும்பி வந்துட்டான். இப்ப டாக்ஸி ஓட்டறான். எங்களைக் கூட்டிட்டு வந்து கீழதான் நிக்கறான். போன வாரம் ஃபோன்ல பேசினீங்களே, மிச்சத்தை நேர்லயே பேசிடறீங்களா? மேல வரச் சொல்லட்டுமா?"