காலி ஜார்

கிளாட்வின் முப்பது வருடம் பயணிகள் கப்பல் பாரில் மது கலக்கிக் கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, கல்யாண நாள் சாயங்காலம் மட்டும் அந்தக் கைவேலையை வீட்டில் எடுப்பார். பெரிய கிளாஸ் நிறைய ஐஸ், அதன்மேல் ரை விஸ்கி, கொஞ்சம் வெர்மூத் என்கிற இனிப்பு ஒயின், கசப்புச் சாறு இரண்டு சொட்டு. பிறகு நீளக் கரண்டியைக் கண்ணாடியோடு ஒட்டிச் சுற்றுவார். கரண்டி சத்தம் போட்டால் கலக்குகிறவனுக்குக் கை வரவில்லை என்று அர்த்தம் என்பார். முதல் கோப்பை எப்போதும் மனைவி பிலோமினாவுக்கு.

இந்த வருடம் கரண்டி கடகடத்தது. சட்டைப் பொத்தான் போடவே இப்போது கை நடுங்குகிற மனிதர். சத்தம் நின்றது, மறுபடி தொடங்கியது, மறுபடி நின்றது. அடுக்களையில் இருந்த பிலோமினா, கழுவிக் கவிழ்த்திருந்த ஜாரை எடுத்து மிக்ஸியில் மாட்டித் திருகினாள். வீடே அதிர்ந்தது. அவர் கலக்கி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குமேலும் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினாள்.

கோப்பையோடு வந்து நின்றார். தளும்பியதில் விரலெல்லாம் நனைந்திருந்தது.

"என்னத்த அரைச்ச?"

"சட்னி."

அவர் ஜாரை எட்டிப் பார்த்தார். உள்ளே பொட்டு ஈரமில்லை. அவள் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாருக்கு."

அவர் கூடம் வரை போய்த் திரும்பினார்.

"எனக்கும் ஒண்ணு கலக்கணும்லா. மிக்ஸியப் போடு, பிலோமி."