முதலில் தெரிந்தவள்

"பரிசோதனை முடிவுகள். தலைப்பு," என்றது போன்.

அவள் விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

இத்தனை நாளும் அந்த ஆய்வகத்தின் பக்கத்தைத் திறந்தால் போன் இரண்டே சொற்களைத்தான் சொல்லும். படம். பொத்தான். படம். பொத்தான். என்ன படம், எதற்குப் பொத்தான் என்று சொன்னதே இல்லை.

பார்வை இல்லாதவளுக்கு அது பூட்டிய வீடு.

அதனால் யாராவது படித்துச் சொல்வார்கள்.

போன வருஷம் வயிற்றுப் பிள்ளையின் ஸ்கேன் முடிவை நாத்தனார் அருள்மேரி படித்தாள். நடுவில் ஒரு வரியில் நின்றாள். அதைத் தாண்டிப் போய் மிச்சத்தைப் படித்தாள்.

அந்த வரி என்னவென்று மருத்துவமனையில்தான் இவளுக்குத் தெரிந்தது.

இந்த முறை மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதிக்கக் கொடுத்த அன்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்: "வெப்சைட்ட மாத்திக்கிட்டு இருக்கோம்க்கா. இனிமே உங்க போனே படிக்கும்."

அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

உள்ளறையில் அவள் கணவன் சகாயம் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தான். எதையோ கீழே போட்டான். இன்னொன்றையும் போட்டான்.

"இரு, நான் வந்து படிக்கிறேன். நீ ஒண்ணும் பயப்படாத."

அவள் விரலை வலப்பக்கம் தள்ளினாள்.

பெயர். வயது. இடது மார்பு.

அவள் போன் படுவேகமாகப் பேசும். பழகாத காதில் ஒரு சொல்லும் ஏறாது.

"என்னம்மா அது, கொசு மாதிரி கத்துது?" என்றான் உள்ளிருந்தே.

அவள் தள்ளிக்கொண்டே போனாள்.

போன் எந்த வரியிலும் நிற்கவில்லை. மூச்சை இழுக்கவில்லை. கடைசி வரியையும் அதே வேகத்தில் சொல்லி முடித்தது.

புற்றுநோய் இல்லை. சாதாரணக் கட்டி.

பின்னால் போய் மறுபடியும் கேட்டாள். அப்புறம் இன்னொரு தடவை.

தோள்கள் தானாக இறங்கின.

இந்த வீட்டில் இப்போது அவள் ஒருத்திக்குத்தான் அது தெரியும். கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சகாயம் வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கண்ணாடியைச் சட்டையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவன் கால் ஆடுவது கட்டில் வழியாக அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணாடிய வச்சிருங்க," என்றாள். "நான் படிச்சுக் காட்டுறேன்."

போனின் வேகத்தைக் குறைத்தாள்.

இன்னும் கொஞ்சம் குறைத்தாள்.