சுவருக்கு இந்தப் பக்கம்

ஜெரியின் காருக்குள் இருக்கும் வழிகாட்டித் திரை இன்னும் நேராகப் போகச் சொல்கிறது. எதிரே கன்டெய்னர் யார்டின் சுவர் முள்கம்பியோடு நிற்கிறது. எண்ணூரின் சாம்பல் படிந்த வெயில் அதன்மேல் மங்கிக் கிடக்கிறது. யார்டைத் தாண்டினால் கல்லறைத் தோட்டம். மகன் வந்து முகம் பார்க்கட்டும் என்று அங்கே அப்பாவின் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருக்கிறார்கள். "போனு மெயின் ரோட்லதான் போவச் சொல்லிச்சு, நீதான் கேக்கல," என்கிறாள் பக்கத்தில் மனைவி ஆலிஸ். போன் வரைபடத்தில் அந்த ரோடு டிரெய்லர் லாரிகளின் நெரிசலால் சிவந்து கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து புதுப்பிக்காத காரின் வரைபடத்தில் மட்டும் இந்தத் தெரு திறந்திருந்தது. இந்தச் சுவர் வருமுன் ஜெரி பள்ளிக்கு நடந்த தெரு. திரையும் ஞாபகமும் ஒன்றையே சொன்னதால் நம்பிவிட்டான். இப்போது பின்னால் ஒரு டிரெய்லர் நுழைந்து தெருவை அடைத்துக்கொண்டிருக்கிறது. நடந்து சுற்றலாமென்றால் சுவர் கழிமுகம் வரை நீள்கிறது.

அக்கா ஜானட் போனில் கூப்பிடுகிறாள். "எங்கடா கீற? காரு வாங்கிக்கினு பெரிய ஆளாயிட்ட, அப்பாவாண்ட வர வழி தெரில. ஃபாதரு எவ்ளோ நேரம் நிப்பாரு?"

"யார்டு சுவத்தாண்ட மாட்டிக்கினேன்க்கா." ஜெரி பின்னால் நிற்கும் டிரெய்லரைத் திரும்பிப் பார்க்கிறான். "பொட்டிய மூடிடச் சொல்லு."

போனுக்குள் அடக்கத்தின் பாட்டு எழும்புகிறது. ஜெரி இறங்கிக் குனிந்து, குழியில் போட வேண்டிய அந்த ஒரு பிடி மண்ணை இங்கேயே அள்ளிச் சுவருக்கு மேலே வீசுகிறான். அந்தப் பக்கம் ஏதோ ஒரு கன்டெய்னரின் தகரத்தில் அது பொலபொலவென்று விழுகிறது.