டொக்டர் கீறிய முகம்

"பிள்ளை எப்பவும் வாயாலதானோ மூச்சு விடுறா?"

"ஓம் டொக்டர். நித்திரையிலயும் வாய் மூடமாட்டாள்," என்றாள், முல்லைத்தீவிலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த ஜெனிற்றா. அவள் மடியில் ஐந்து வயது மகள் ஷெறின் வாயைப் பிளந்தபடி இருந்தாள்.

"மூக்குக்குப் பின்னால சதை வளர்ந்து மூச்சு வழியை அடைச்சிருக்கு. எடுக்காமல் விட்டால் முக எலும்பு வளருற விதமே மாறிப்போகும். இஞ்ச பாருங்கோ."

டொக்டர் ஒரு தாளை இழுத்துப் படம் கீறினார். நீண்டு ஒடுங்கிய முகம், மேலேறிய உதடு, முன்தள்ளிய பற்கள், மூடாத வாய். ஜெனிற்றா அந்த உதட்டை விரலால் மெல்லத் தொட்டாள். அவளையறியாமலே சிரிப்பு வந்தது.

"நான் பயங்காட்டக் கீறுறன், நீங்கள் சிரிக்கிறியள்! பிள்ளை இப்பிடி வந்தால் பரவாயில்லையோ?"

"ஐயோ, வேண்டாம் டொக்டர். பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணியே அழவைச்சுப்போடுவாங்கள். ஒப்பரேஷனைச் செய்யுங்கோ."

கதிரையை விட்டு எழும்பியவள் தயங்கி நின்றாள்.

"இந்தப் படத்தை எனக்குத் தருவீங்களோ?"

"ஏன், மனுசனுக்குக் காட்டவோ?"

"அவர் கடலுக்குப் போய்த் திரும்பி வரேல்லை டொக்டர். மூண்டு வருசமாச்சு." அவள் தாளை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். "பல்லுக்கு வெக்கப்பட்டு, கலியாணப் படத்திலகூட லேஞ்சித் துணியால வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவர். வீட்டில இருக்கிற ஒரு படத்திலயும் அவற்ற முகம் முழுசாய் இல்லை. இதிலதான் இருக்கு."