அத்திமரத்து வரி

“இறக்கையைக் கீழே போடு,” என்றது காகம். “கூடு இருக்கறவங்களுக்குத்தான் ஓட்டு.”

புள்ளிக்குயில் தூக்கிய இறக்கையை இறக்கவில்லை. “நானும் இந்த அத்திமரத்துலதானே இருக்கேன், அண்ணே?”

“இருக்கே. ஒரு குச்சியாவது உன் பேர்ல இருக்கா?” என்றது அணில். கூட்டம் சிரித்தது.

மரக்காவலுக்கு வரி போடுவது என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. யார் கட்டுவது என்பதற்குத்தான் ஓட்டு. கூடு கட்டியவர்கள் ஏற்கெனவே பாடுபட்டுவிட்டார்களாம். அதனால் கூடில்லாதவர்கள் தினமும் தங்கள் பழத்தில் பாதியைத் தர வேண்டும், முடியாதென்றால் மரத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்றது காகம். இறக்கைகளும் ஒரு வாலும் உயர்ந்தன. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

“பறந்துடுவா பாரு,” என்றது அணில். “ஊர்ல வேற மரமா இல்ல?”

குயில் காகத்தின் கூட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. “கட்டறேன்,” என்றது.

“அப்படி வா வழிக்கு. பழம் நல்லதா இருக்கணும். சொத்தையெல்லாம் வாங்க மாட்டோம்.”

மறுநாள் காலையில் குயில் நன்றாகச் சிவந்த பழங்களைக் கொண்டுவந்து வைத்தது. காகம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தது. குறை எதுவும் அகப்படவில்லை. இருப்பதிலேயே பெரியதைக் கவ்விக்கொண்டு தன் கூட்டுக்குப் பறந்தது. அங்கே மற்றக் குஞ்சுகளை மிதித்துக்கொண்டு, உடம்பெல்லாம் புள்ளி விழுந்த கொழுத்த குஞ்சு ஒன்று வாயைப் பிளந்து கத்தியது. காகம் பழத்தை அதற்கே ஊட்டியது.

கீழ்க்கிளையில் குயில், தனக்கென்று வைத்திருந்த மறுபாதியையும் எடுத்து வரிக்குவியலில் சேர்த்தது.