சூரியனை இறக்கும் வேலை

நிலத்தடி நகரத்தில் தினமும் சூரியனை இறக்குவது நாகூமின் வேலை. ஆலைக்காரர்கள் அன்றைக்குக் கூடுதல் உற்பத்திக்காகப் பகலை ரப்பர் மாதிரி இருபது மணி நேரத்துக்கு இழுத்திருந்தார்கள். "இனிமே எப்ப வேணும்னாலும் இறக்கிக்கோ" என்று ஒருவழியாகத் தகவல் வந்தபோது அவனுக்குக் கண்கள் எரிந்தன. பிற்பகல் ஜெபத்தை இன்னும் சொல்லவில்லை என்பது நினைவிருந்தது. சூரியன் இருக்கும்போதே சொல்லியாக வேண்டும். ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் நாகூம் சூரியனின் கைப்பிடியை இறக்கிவிட்டான்.

பத்துப் பேர் கூடினால்தான் ஜெபம் தொடங்கும் என்பதால், யூதர்களின் ஜெபக்கூடத்தில் ஒன்பது பேர் பத்தாவது ஆளான அவனுக்காகக் காத்திருந்தார்கள்.

"நீ வந்ததும் ஆரம்பிக்கலாம்னு இருந்தோம், அதுக்குள்ள இருட்டிடுச்சு," என்றார் அவர்களின் மதகுரு, ரப்பி ஓபதியா. "போகட்டும். தெரியாம விட்டுட்டா ராத்திரி ஜெபத்தை ரெண்டு தடவை சொல்லிக்கலாம். வேணும்னே விட்டவனுக்குத்தான் வழியில்ல."

நகரத்தின் கூரையில் இரவுக்கு அடையாளமான மூன்று நட்சத்திரங்கள் எரிந்ததும் ராத்திரி ஜெபத்தைத் தொடங்கினார்கள். ஒருமுறை சொல்லி முடித்து, வீங்கிய கால்களோடு ஒன்பது பேரும் இரண்டாம் முறைக்கு நின்றார்கள். நாகூம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"எழுந்திருப்பா. ரொம்பக் களைச்சுட்டியா?" என்றார் ரப்பி.

"நிக்கத் தெம்பு இருக்கு, ரப்பி. ஆனா, நான் மறந்துபோய் இறக்கலையே."